பின்சீட்டுக்குப் பின்னால் இரண்டு கன அடி

12 அங்குல சப்வூஃபர் ஒன்றைப் பெட்டி இல்லாமல் மேசை மேல் வைத்து ஆம்ப்ளிஃபயரில் இணைத்தால் பேஸ் வராது. கூம்பு முன்னும் பின்னும் துடிக்கும், மேசை நடுங்கும், ஆனால் பாட்டு மெலிந்தே கேட்கும். கூம்பு முன்பக்கம் அழுத்தும் காற்று, பின்பக்கம் அழுத்தம் குறைந்த இடத்துக்கு விளிம்பைச் சுற்றி ஓடிவிடுகிறது. முன்னலையும் பின்னலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இரண்டையும் பிரித்து வைக்க ஒரு பெட்டி வேண்டும். அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில், சாலையோரக் கார் ஆடியோக் கடை ஒன்றில், வேலைக்குப் புதிதாக வந்த பையனுக்கு முதல் பாடமாகக் காட்டியது இதைத்தான். பக்கத்தில் நின்று பார்த்த பயணிக்கும் அதுவே முதல் பாடம்.

அரிசோனாப் பாலைவனத்தில் தொடங்கி, ஓக்லஹோமாவின் புல்வெளி வழியாக ஃபுளோரிடாவின் கடற்கரை வரை நீளும் இந்தப் பாதையைச் சுற்றுலாக் கையேடு எதுவும் பரிந்துரைப்பதில்லை. ஆனால் காருக்குள் பேஸ் என்பதை ஒரு தொழிலாக வளர்த்தவர்களில் முக்கியமானவர்கள் இந்த மூன்று மாநிலங்களில் கடை போட்டவர்கள். பெட்டி கட்டக் கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு இது நல்ல வழி. ஊருக்கு ஊர் வண்டி மாறுகிறது, வண்டிக்குள் மிஞ்சும் இடம் மாறுகிறது. இடத்துக்குத் தக்கபடி பெட்டியும், பெட்டிக்குத் தக்கபடி ஒலியும் மாறுகின்றன. ஸ்பீக்கர் செய்த நிறுவனத்தின் பெயர் கூம்பின் நடுவே பளபளக்கும். பெட்டி கட்டியவரின் பெயர் எங்கும் இருக்காது. காதில் விழும் பேஸில் பெரும்பங்கு அந்தப் பெயரில்லாதவரின் கைவேலை என்பது போகப் போகத் தெளிவாகிறது.

பீனிக்ஸை ஒட்டிய டெம்பியில்தான் ராக்ஃபோர்ட் ஃபாஸ்கேட் நிறுவனம் வளர்ந்தது. ஜிம் ஃபாஸ்கேட் 1973இல் காருக்கென்றே ஓர் ஆம்ப்ளிஃபயர் செய்தார். வண்டியின் 12 வோல்ட் மின்சாரத்திலிருந்து பெரிய வாட் எடுக்கும் வழி அங்கிருந்து பரவியது. அவரே பிற்காலத்தில் வீட்டுத் திரையரங்குகளுக்கான டால்பி புரோ லாஜிக் 2 முறையையும் உருவாக்கினார். பீனிக்ஸில் இயங்கும் எம்டிஎக்ஸ் நிறுவனம் ஜாக்ஹாமர் என்ற 22 அங்குல சப்வூஃபரை விற்றது. அதன் எடை 369 பவுண்டு, நம் கணக்கில் 167 கிலோ. அதைத் தாங்கும் பெட்டியைக் கட்ட வேண்டியவர் யார் என்பதை விளம்பரம் சொல்லவில்லை.

பீனிக்ஸின் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 கோடையில் இந்த நகரம் தொடர்ந்து 31 நாட்கள் 110 ஃபாரன்ஹீட்டை, அதாவது 43 செல்சியஸை எட்டியது அல்லது தாண்டியது. நிறுத்தி வைத்த காருக்குள் வெப்பம் இன்னும் ஏறும். இது வெறும் அசௌகரியம் என்று நினைத்திருந்த பயணிக்குக் கடைக்காரர் விளக்கிய விஷயம் வியப்பைத் தந்தது. சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும். 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர் என்றால், 50 டிகிரியில் 360 மீட்டர். பெட்டியின் டியூனிங் ஒலியின் வேகத்தைச் சார்ந்தது என்பதால், 32 ஹெர்ட்ஸுக்குக் கட்டிய பெட்டி அந்த வெப்பத்தில் 33.6 ஹெர்ட்ஸில் நிற்கும். காதுக்கு அது பெரிய வித்தியாசம் இல்லைதான். ஆனால் போட்டிக்கு வண்டி தயார் செய்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

டியூனிங் என்பது என்ன? கட வித்துவானைக் கவனித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். கடத்தின் வாயை வயிற்றோடு அழுத்தித் திறப்பைக் குறுக்கும்போது அதன் அடிநாதம் இன்னும் கீழே இறங்குகிறது. உள்ளே அடைபட்ட காற்று ஒரு வில்சுருள், வாயில் நிற்கும் காற்று ஓர் எடை. இரண்டும் சேர்ந்து தமக்கென ஒரு துடிப்பு வேகத்தை வைத்துக்கொள்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆராய்ந்த இந்த ஒத்ததிர்வைப் பெல் ஆய்வுக்கூடத்தின் ஆல்பர்ட் துராஸ் ஸ்பீக்கர் பெட்டிக்குள் கொண்டுவந்தார். பெட்டியில் ஒரு துளையும் குழாயும் வைத்து, கூம்பின் பின்னலையையும் வேலை வாங்கும் அவருடைய முறைக்கு 1932இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. கடைக்காரர்கள் அந்தக் குழாயைப் போர்ட் என்றும் அந்தப் பெட்டியைப் போர்டட் பாக்ஸ் என்றும் சொல்கிறார்கள்.

மூடிய பெட்டிக்கு வேறு கதை. எட்கர் வில்சூர் 1954இல் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் ஏஆர்-1 என்ற சிறிய ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். காற்றுப் புகாமல் அடைத்த பெட்டிக்குள் இருக்கும் காற்றே கூம்புக்கு வில்சுருளாகும்படி அதை வடிவமைத்திருந்தார். பெரிய அலமாரி அளவு பெட்டி இல்லாமலும் ஆழமான பேஸ் வரும் என்று காட்டியவர் அவர். காரின் டிக்கியில் இன்று கிடக்கும் ஒவ்வொரு சீல்டு பாக்ஸும் அந்த யோசனையின் வழி வந்தது.

இந்த இரண்டு யோசனைகளையும் கணக்குக்குள் அடக்கியவர்கள் ஆஸ்திரேலியாவில் இருந்தார்கள். நெவில் தீல் 1961இல் துளையுள்ள பெட்டிகளைப் பற்றி எழுதிய கட்டுரை உள்ளூர்ப் பொறியாளர் சங்க இதழில் வெளிவந்து, பத்தாண்டுக்குப் பிறகுதான் அமெரிக்க இதழில் மறுபதிப்பானது. சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த அமெரிக்கர் ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் அதை விரிவாக்கினார். சப்வூஃபரோடு வரும் தாளில் இருக்கும் எண்கள், கூம்பின் இயல்பான அதிர்வெண்ணும் அதன் தளர்ச்சிக்கு ஈடான காற்றின் கன அளவும் போன்றவை, இவ்விருவரின் பெயரால்தான் தீல்-ஸ்மால் அளவுகள் எனப்படுகின்றன. அதற்கு முன்பு பெட்டி கட்டுவது குத்துமதிப்பு. அதற்குப் பின் ஒரு தச்சர் பள்ளிக் கணக்கை வைத்துக்கொண்டே பெட்டி எப்படி ஒலிக்கும் என்று மரத்தை அறுப்பதற்கு முன்பே சொல்ல முடிந்தது. இந்தத் தொழிலின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் வேறில்லை.

கடையின் பின்பக்கப் பட்டறையில் பலகைகள் சாய்ந்து நிற்கின்றன. 4 அடிக்கு 8 அடி, முக்கால் அங்குலக் கனத்தில் எம்டிஎஃப். ஒரு முழுப் பலகையின் எடை 45 கிலோவை ஒட்டும். மரநாரைப் பிசினோடு அழுத்திச் செய்த இந்தப் பலகையில் ரேகை கிடையாது, முடிச்சு கிடையாது, உள்ளே ஓட்டை கிடையாது. எந்தத் திசையில் அறுத்தாலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். ஈரம் மட்டும் ஆகாது, உப்பிவிடும். பணம் கூடுதலாகக் கொடுப்பவர்களுக்கு பால்டிக் பிர்ச் பிளைவுட். எடை குறைவு, வலிமை அதிகம். எம்டிஎஃப் தூள் மாவு போல நுரையீரல் வரை போகும், அதில் ஃபார்மால்டிஹைடு பிசின் வேறு கலந்திருக்கிறது. முகமூடி இல்லாமல் ரம்பத்தின் அருகே வந்த பையனை மூத்தவர் வெளியே அனுப்பிவிட்டார். அந்தக் கண்டிப்பு எல்லாப் பட்டறைகளுக்கும் வர வேண்டும்.

அன்றைக்குக் கட்ட வேண்டிய பெட்டி 12 அங்குல சப்வூஃபர் ஒன்றுக்கு. 2 கன அடி, 32 ஹெர்ட்ஸ். கன அடி என்ற அளவைத் தமிழ் வாசகர் மேட்டூர் அணைச் செய்தியில் ஆயிரக்கணக்கில் கேட்டிருப்பார். இங்கே அதன் கால் பங்குகூட ஒலியை மாற்றும். ஒரு கன அடிக்கு 12 முதல் 16 சதுர அங்குலம் வரை போர்ட்டின் வாய் இருக்கலாம் என்பது பட்டறை வழக்கு. 14 என்று வைத்தால் மொத்தம் 28 சதுர அங்குலம், அதாவது 14 அங்குல உயரமும் 2 அங்குல அகலமும் உள்ள ஒரு பிளவு. வாய் சிறுத்தால் காற்று சீறும். பெருத்தால் நீளம் கூடும். கணக்குப் போட்டதும் நீளம் 32 அங்குலத்துக்குச் சற்று மேல் வந்தது. பெட்டியின் ஆழமே அதில் பாதிதான். ஆகவே போர்ட் பக்கச் சுவரை ஒட்டி ஓடி, மூலையில் மடங்கி, பின்சுவரை ஒட்டித் திரும்ப வேண்டும்.

புதியவர்கள் தடுமாறுவது இதற்கு அடுத்த கணக்கில்தான். அந்தப் போர்ட் உள்ளே அரை கன அடிக்கு மேல் இடத்தைத் தின்கிறது. போர்ட்டின் மரச்சுவர் இன்னொரு கால் கன அடியை நெருங்குகிறது. சப்வூஃபரின் காந்தமும் கூடையும் தம் பங்குக்கு எடுத்துக்கொள்கின்றன. 2 கன அடி காற்று கிடைக்க வேண்டுமானால் உள் அளவு 2.8 கன அடிக்கு மேல் கட்ட வேண்டும். வெளி அளவை எடுத்து 1728ஆல் வகுத்துவிட்டு, பலகையின் கனத்தைக் கழிக்க மறந்தால் பெட்டி பிழையாகிவிடும். கணினியில் வின்ஐஎஸ்டி போன்ற இலவச மென்பொருள் இதையெல்லாம் நொடியில் தரும். ஆனாலும் மூத்தவர் பையனைப் பேப்பரில் போட வைத்தார். எந்த எண்ணை மாற்றினால் எது நகரும் என்று கைக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் கருத்து. அவர் சொன்னது சரி.

அறுப்பது விரைவாக முடிந்தது. மேசை ரம்பத்தில் ஒரே அளவுத் துண்டுகளை எல்லாம் ஒரே அமைப்பில் அறுத்துவிடுவார்கள். அளவுகோலை நகர்த்திவிட்டு மறுபடி அதே அளவுக்கு வந்தால் அரை மில்லிமீட்டராவது பிசகும். அந்த அரை மில்லிமீட்டரில் காற்று கசியும். மர கோந்தைத் தாராளமாகத் தடவி, ஆணித் துப்பாக்கியால் பிடித்து, கிளாம்ப் போட்டு இறுக்குகிறார்கள். ஆணி பிடித்து நிறுத்த மட்டுமே, வலிமை கோந்திலிருந்து வருகிறது. நன்றாக ஒட்டிய மூட்டை உடைத்தால் மூட்டு விடாமல் பலகைதான் பிய்யும். முன்பலகையில் வட்டம் வெட்ட ரூட்டரில் ஒரு நீண்ட கரத்தைப் பொருத்தி, மையத்தில் ஆணி அடித்துச் சுற்றுகிறார்கள். 12 அங்குல சப்வூஃபருக்கு வெட்டும் வட்டம் சுமார் 11 அங்குலம்.

முன்பலகை மட்டும் இரண்டு அடுக்கு. பலகையின் கனத்தை இரட்டித்து ஒன்றாக ஒட்டினால் அதன் விறைப்பு எட்டு மடங்கு ஆகும். பெரிய பக்கங்களுக்கு நடுவே குறுக்குச் சட்டம் கொடுத்தால் பலன் அதையும் தாண்டும், ஏனெனில் தாங்கலில்லாத நீளம் பாதியானால் பலகை வளைவது பதினாறில் ஒரு பங்காகக் குறையும். பெட்டியின் சுவர் அதிர்ந்தால், கூம்புக்குக் கொடுத்த மின்சாரத்தில் ஒரு பகுதி மரத்தை ஆட்டுவதில் வீணாகிறது. தட்டிப் பார்த்து அது மரத்தூண் போலச் செத்த சத்தம் தந்தால்தான் மூத்தவர் தலையாட்டினார்.

மறுநாள் சோதனை. கோந்து காய்ந்து, சப்வூஃபர் ஏறி, ஒற்றைச் சுரங்களை 45 ஹெர்ட்ஸிலிருந்து கீழே இறக்கிக்கொண்டே வந்தார்கள். கூம்பின் மேல் விரல் நுனி. 40, 36, 34. கூம்பின் ஆட்டம் குறைந்துகொண்டே வந்து 32ஐ ஒட்டி ஏறக்குறைய நின்றுவிட்டது, ஆனால் அறை முழுக்க பேஸ். அந்த அதிர்வெண்ணில் காற்றைத் தள்ளுவது போர்ட்தான், கூம்பு ஓய்வெடுக்கிறது. இன்னும் கீழே, 25 ஹெர்ட்ஸில், கூம்பு கட்டற்றுத் துள்ளத் தொடங்கியது. பெட்டிக்குள் காற்று அதைத் தாங்கிப் பிடிப்பதை நிறுத்திவிடுகிறது. அங்கே மிகத் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் ஆம்ப்ளிஃபயரின் சப்சானிக் வடிகட்டியை வைக்காவிட்டால் சப்வூஃபர் சில நிமிடங்களில் சுருள் கிழிந்து போகும்.

பீனிக்ஸிலிருந்து வடக்கே ஏறினால் ஃபிளாக்ஸ்டாஃப், கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரம், பைன் காடு. அங்கிருந்து இன்டர்ஸ்டேட் 40 கிழக்கே நியூ மெக்சிகோவுக்குள் போகிறது. ஆல்புகர்க்கியிலிருந்து பாதையை விட்டு விலகி வடக்கே எஸ்பஞோலா போவது பயணத்துக்குத் தேவையான விலகல். லோரைடர் கார்களின் தலைநகரம் என்று அந்தச் சிற்றூர் தன்னைச் சொல்லிக்கொள்கிறது. தரையைத் தொடும்படி தாழ்த்திய, கோயில் தேர் போல வண்ணம் தீட்டிய பழைய கார்கள். அருகிலுள்ள சிமாயோவில் டேவிட் ஹராமியோ உருவாக்கத் தொடங்கிய 1969ஆம் ஆண்டு ஃபோர்ட் எல்டிடி ஒன்று, டேவ்ஸ் டிரீம் என்ற பெயரில், வாஷிங்டனில் தேசிய அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்கே போய்விட்டது.

பெட்டி கட்டுபவருக்கு லோரைடரில் சிக்கல் வேறு மாதிரி. டிக்கியில் வண்டியை ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக் பம்புகளும் அதற்கான பேட்டரிகளும் முன்னுரிமை பெற்றிருக்கும். மிஞ்சிய இடத்தில் ஒலி. இந்த ஊர்ப் பெட்டிகள் சிறியவை, மூடியவை, வெல்வெட் போர்த்தியவை. மூடிய பெட்டிக்குள் பாலியஸ்டர் பஞ்சைத் திணித்தால், காற்று அமுங்கும்போது உண்டாகும் சூட்டைப் பஞ்சு வாங்கிக்கொள்கிறது, பெட்டி இருப்பதைவிடப் பெரிதாக நடந்துகொள்கிறது. இடத்துக்குத் தவிக்கும் ஊரில் இது பொன்னான தகவல்.

மீண்டும் இன்டர்ஸ்டேட் 40இல் கிழக்கே போனால், டெக்சஸின் அமரில்லோவுக்கு வெளியே பத்து கேடிலாக் கார்களை மூக்குக் கீழாக நட்டு வைத்திருக்கும் கேடிலாக் ரேஞ்ச் 1974இலிருந்து நிற்கிறது. பார்த்துவிட்டு நகரலாம்.

ஓக்லஹோமா சிட்டியிலிருந்து இன்டர்ஸ்டேட் 35இல் வடக்கே போய், நெடுஞ்சாலை 51இல் கிழக்கே திரும்பினால் ஸ்டில்வாட்டர். சுமார் 48,000 பேர் வாழும் பல்கலைக்கழக ஊர். ரெட் டர்ட் என்ற நாட்டுப்புற இசை வகை பிறந்த இடம் என்று இதைச் சொல்வார்கள். 1973இல், ஃபாஸ்கேட் அரிசோனாவில் ஆம்ப்ளிஃபயர் செய்த அதே ஆண்டில், இங்கே ஸ்டீவ் இர்பி ஒரு கார் நிற்கும் அளவுள்ள கேரேஜில் ஸ்டில்வாட்டர் டிசைன்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ஆரம்பத்தில் மேடை இசைக்குழுக்களுக்கும் தேவாலயங்களுக்கும் ஸ்பீக்கர் பெட்டி. 1980இல் பிக்கப் டிரக்குக்கென்று ஒரு பெட்டி: ஒரிஜினல் கிக்கர்.

ஏன் இங்கே, ஏன் டிரக்குக்கு என்று கேட்டால் ஊரைச் சுற்றி ஒரு முறை வண்டியில் போய் வந்தால் போதும். வயல், எண்ணெய்க் கிணறு, மாட்டுப் பண்ணை, வீட்டுக்கு வீடு பிக்கப். அந்தக் காலத்துப் பிக்கப்பில் ஒரே வரிசை இருக்கை. இருக்கையின் முதுகுக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவே சில அங்குலம், அதுவும் சாய்வாக. கதவில் இருக்கும் சிறிய ஸ்பீக்கரால் சாலைச் சத்தத்தை மீற முடியாது. அந்தச் சாய்வான இடுக்குக்கு ஏற்ற ஆப்பு வடிவப் பெட்டியில் ஒரு தொழிலே பிறந்தது. நிறுவனம் இன்றும் ஸ்டில்வாட்டரில்தான் இருக்கிறது. பெருநகரத்துக்குப் போகாமல் பிறந்த ஊரிலேயே இத்தனை காலம் நிலைத்திருப்பது மதிக்கத்தக்க விஷயம். பின்னாளில் அது சதுரக் கூம்பு சப்வூஃபர்களையும் கொண்டுவந்தது. ஒரே அகலத்தில் சதுரத்தின் பரப்பு வட்டத்தைவிடக் கால் பங்குக்கு மேல் அதிகம். இடமில்லாத வண்டியில் வடிவியலும் உதவிக்கு வருகிறது.

ஸ்டில்வாட்டரில் டிரக் பெட்டி கட்டும் பட்டறை ஒன்றில்தான் ஹாஃப்மனின் இரும்பு விதி என்ற பெயர் பயணியின் காதில் விழுந்தது. கேஎல்ஹெச் ஸ்பீக்கர் நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஹாஃப்மன் சொன்னது இது: சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த மின்சாரத்தில் பெரிய ஒலி. மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம். டிரக்கில் பெட்டியின் அளவு முன்பே முடிவாகிவிட்டது. ஆழமும் வேண்டுமென்றால் வாட்டை அள்ளிக் கொட்ட வேண்டும். அதனால் பெரிய ஆம்ப்ளிஃபயர், அதனால் தடித்த வயர், அதனால் இன்னொரு பேட்டரி, பிறகு பெரிய ஆல்டர்னேட்டர். ஒலி 3 டெசிபல் ஏற ஒவ்வொரு முறையும் மின்சாரம் இரட்டிக்க வேண்டும். அனுபவமுள்ள கடைக்காரர் வாடிக்கையாளரிடம் முதலில் கேட்பது எத்தனை வாட் என்றல்ல, எவ்வளவு இடத்தை விட்டுத் தருவீர்கள் என்றுதான்.

இடம் குறைந்த வண்டிக்கு இயற்கை ஓர் ஈடு தருகிறது. 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 8.6 மீட்டர், காரைவிட நீளம். அலையின் பாதி நீளம் வண்டியின் உள்நீளத்தைவிடப் பெரிதாகும்போது, உள்ளே அலை ஓடுவது நின்று, காற்று மொத்தமாக அமுங்கி விரிகிறது. 2.75 மீட்டர் உள்நீளத்துக்கு இது 62 ஹெர்ட்ஸை ஒட்டித் தொடங்கும். அதற்குக் கீழே போகப் போக வண்டியே பேஸைத் தூக்கிக் கொடுக்கிறது. வீட்டு ஹாலில் சுமாராக ஒலிக்கும் சிறிய பெட்டி டிரக்குக்குள் நெஞ்சை அதிரவைப்பது இதனால்தான்.

ஆர்கன்சா, மிசிசிப்பி ஆறு, அலபாமா என்று இரண்டாயிரம் கிலோமீட்டருக்குக் குறையாத ஓட்டம். ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சில் மணல் கெட்டியாக இருப்பதால் காரைக் கடற்கரை மேலேயே ஓட்டலாம். கல்லூரி மாணவர்களின் வசந்தகால விடுமுறையில் ஸ்பிரிங் பிரேக் நேஷனல்ஸ் என்ற கார் ஆடியோப் போட்டி பல ஆண்டுகள் இங்கேதான் நடந்தது. போட்டிக் கலாசாரத்தின் முன்னோடிகளில் ஒருவர் வேய்ன் ஹாரிஸ். 1960 மாடல் கேடிலாக் சவ ஊர்தி ஒன்றை டெர்மினேட்டர் என்ற பெயரில் ஒலி வண்டியாக்கி 1980களில் பரிசு வாங்கியவர். டிபி டிராக் ரேஸிங் என்ற ஒலி அழுத்தப் போட்டியை அமைத்தவரும் அவரே.

ஊர்ப்புறத்து வாகன நிறுத்துமிடம் ஒன்றில் சிறிய போட்டியைப் பயணி பார்க்க நேர்ந்தது. வேன்களில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் தரையிலிருந்து கூரை வரை ஒரே மரச்சுவர். அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் பெட்டிதான். ஆங்கிலத்தில் வால், அதாவது சுவர் என்றே இதைச் சொல்கிறார்கள். கண்ணாடியருகே சென்சாரைப் பொருத்தி, ஒற்றைச் சுரத்தை சில நொடிகள் அடிக்கிறார்கள். ஜன்னலோரம் நின்ற பெண்ணின் கூந்தல் காற்றில் அலைபாய, சுற்றி நின்றவர்கள் ஆரவாரித்தார்கள். 150 டெசிபலில் காற்றழுத்தம் 632 பாஸ்கல். ஒரு சதுர மீட்டர் முன்கண்ணாடி மேல் அது 64 கிலோ எடைக்குச் சமமான விசை, நொடிக்கு நாற்பது முறை உள்ளே இழுத்து வெளியே தள்ளுகிறது. உச்ச வகுப்பு வண்டிகள் 180 டெசிபலைத் தாண்டியிருக்கின்றன. அது வளிமண்டல அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த வண்டிகளின் கதவுகளைப் போல்ட் போட்டு முறுக்குகிறார்கள், உள்ளே யாரும் உட்காருவதில்லை.

சிறிய போட்டிகளில் உட்காருகிறார்கள். அதைச் சொல்லாமல் போக முடியாது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி, 100 டெசிபலில் 15 நிமிடம். தாழ்ந்த அதிர்வெண்ணைக் காது மந்தமாகவே உணர்வதால் பேஸ் வலிக்காமலே சேதம் செய்யும். காதில் அடைப்பான் போட்டுக்கொண்ட இளைஞர்களும் இருந்தார்கள், போடாதவர்கள் அதிகம் இருந்தார்கள். பெட்டி கட்டுபவர் வண்டியை ஒப்படைக்கும்போது ஒரு ஜோடி அடைப்பானையும் கையில் கொடுப்பது கட்டாயமாக வேண்டும்.

தெற்கே மயாமி. ரோலண்ட் நிறுவனம் 1980இல் வெளியிட்ட டிஆர்-808 தாள இயந்திரம் மூன்றே ஆண்டுகளில் நிறுத்தப்பட்டது. சுமார் 12,000 மட்டுமே விற்றது. அதன் கிக் டிரம் 50 ஹெர்ட்ஸை ஒட்டி ஒலித்து, நீளமாக இழுத்து அடங்கும். அந்த இழுவையை மயாமி பேஸ் இசைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். டூ லைவ் க்ரூ, ஒர்லாண்டோவின் டிஜே மேஜிக் மைக் ஆகியோரின் பாட்டுகள் காருக்குள் கேட்பதற்கென்றே செய்ததுபோல இருக்கும். பேஸ் கிட்டாரின் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ். 808இன் சுரத்தை அதற்கும் கீழே இறக்கி இழுக்கும் பாட்டுக்கு, தாழ டியூன் செய்த பெரிய போர்டட் பெட்டி வேண்டும். நீண்ட டிக்கி கொண்ட பழைய செடான்களில் அதற்கு இடமும் இருந்தது. இசையும் வண்டியும் பெட்டியும் ஒரே ஊரில் ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டன.

அக்கம்பக்கத்தாரின் பொறுமைக்கும் எல்லை உண்டு. 25 அடி தூரத்தில் கேட்கும் அளவுக்குக் காரில் பாட்டு வைக்கக்கூடாது என்ற ஃபுளோரிடாச் சட்டத்தை, 2007இல் அபராதம் வாங்கிய ஒரு வழக்கறிஞர் எதிர்த்து, மாநில உச்ச நீதிமன்றம் வரை போனார். வணிக, அரசியல் ஒலிபெருக்கிகளுக்கு மட்டும் விலக்கு தருவது பேச்சுரிமைக்கு முரண் என்று 2012இல் நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது. 2022இல் சட்டமன்றம் அந்த விலக்கு இல்லாமல் தடையை மீண்டும் கொண்டுவந்தது. இரவு பத்து மணிக்குக் குடியிருப்புத் தெருவில் அதிரும் ஜன்னலுக்குப் பின்னால் தூங்க முயலும் குழந்தையை நினைத்தால், இந்த விஷயத்தில் சட்டத்தின் பக்கம்தான் நிற்கத் தோன்றுகிறது.

மயாமிக்கு வடக்கே மிராமரில் ஜேஎல் ஆடியோ. ஜிம் பர்ச்சும் லூசியோ புரோனியும் 1975இல் தொடங்கிய இந்த நிறுவனம் 2023இல் கார்மின் நிறுவனத்தின் கைக்குப் போனது. அவர்களுடைய ஸ்டெல்த்பாக்ஸ் ஒவ்வொரு வண்டி மாடலுக்கும் தனியாக வார்த்த பெட்டி. இருக்கைக்கு அடியில், டிக்கியின் ஓரக் குழியில், வண்டியோடு வந்தது போலவே ஒட்டிக்கொள்ளும். சதுரப் பலகையை விட்டுவிட்டு, மிஞ்சிய இடம் எந்த வடிவமோ அந்த வடிவத்தையே பெட்டியாக்குவது. தனிப் பட்டறைகளில் இதைக் கையால் செய்கிறார்கள். டிக்கியின் குழியை முகமூடி நாடாவால் மூடி, ஃபைபர் கிளாஸ் பாயை விரித்து, பிசினைத் தூரிகையால் ஊட்டுகிறார்கள். அடுக்கு மேல் அடுக்கு. காய்ந்ததும் உரித்து எடுத்தால் வண்டியின் எலும்பு வடிவம் கையில். முன்பக்கத்துக்கு எம்டிஎஃப் வளையத்தை நிறுத்தி, கம்பளித் துணியை இழுத்துப் போர்த்தி, மீண்டும் பிசின். கன அளவைக் கண்டுபிடிக்கக் கணக்கு உதவாது, அளந்த தெர்மாகோல் உருண்டைகளைக் கொட்டி நிரப்பிப் பார்க்கிறார்கள்.

தொழில் தெரிந்தவர் என்று நிரூபிக்க எம்இசிபி என்ற சான்றிதழ்த் தேர்வு அமெரிக்காவில் உண்டு. வயரிங், பாதுகாப்பு, ஒலியியல் எல்லாம் அதில் கேட்பார்கள். பெட்டி கட்டுவதை மட்டும் எந்தத் தாளும் முழுசாகக் கற்றுத்தருவதில்லை. மிராமருக்குப் பக்கத்துப் பட்டறையில் ஒரு பையன் செடான் காரின் டிக்கியை அளந்துகொண்டிருந்தான். உள்ளே அகலம், ஆழம், உயரம் எல்லாம் எழுதியாயிற்று. மூத்தவர் டேப்பை வாங்கி, டிக்கி திறக்கும் வாயின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து, அந்த எண்களைத் தாளின் மேலே பெரிதாக எழுதினார். பெட்டி உள்ளே எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் அந்த வாய் வழியாகத்தான் போக வேண்டும். உயரம் இரண்டு அங்குலம் அதிகம் என்று தெரிந்ததும் பையன் கணக்கை அழித்துவிட்டு, பெட்டியைத் தாழ்வாகவும் நீளமாகவும் மாற்றி, போர்ட்டின் வாயைக் குட்டையாக்கி அகலமாக்கினான். 28 சதுர அங்குலத்தை அவன் விட்டுக்கொடுக்கவில்லை.